பந்தை எங்கே கொடுத்தார்கள்?

சென்ற வருஷம் அமெரிக்காவில் இருக்கும் என் அக்காள் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். பால்டிமோர் நகரத்துக்குச் சற்று வெளியே அவன் வீடு. இலையுதிர் காலம். அந்தப் பருவத்தில் ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்குத் தெருவில் ஈ காக்கை இராது. எல்லோரும் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கால்பந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதைக் கால்பந்து என்று சொல்ல எனக்கு முதலில் நாக்குக் கூசியது. பந்தோ முட்டை வடிவம். காலால் உதைப்பது எப்போதாவதுதான். மற்ற நேரமெல்லாம் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். அவன்மேல் நாலு பேர் மலைபோல விழுகிறார்கள். விளையாட்டில் என் ஞானம் எங்கள் ஊர்ச் சடுகுடுவோடு சரி. ஆகையால் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஆட்டம் பார்க்கிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதை எழுதுகிறவனுக்கு அதுவே லாபம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர் அணி தோற்றுப் போயிற்று. மருமகனுக்கு ஒரே எரிச்சல். “தடுக்கிறவங்களே சரியில்லை மாமா. இப்படி விட்டுக் குடுத்தா எப்படி ஜெயிக்கிறது?” என்றான். பக்கத்து வீட்டிலிருந்து ஆட்டம் பார்க்க வருகிற கிழவர் ஒருவர் உண்டு. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கோபப்படாமல் ஒரு கேள்வி கேட்டார். “அது இருக்கட்டும். அவர்கள் தடுக்க வந்தபோது பந்து எந்த இடத்தில் இருந்தது, பார்த்தாயா?”

மருமகன் பதில் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. விளங்காத கேள்வி என்றால் எனக்குத் தூக்கம் வராது. மறுநாளிலிருந்து அந்தக் கிழவரிடம் பாடம் கேட்டேன். பழைய ஆட்டங்களின் கணக்குகளைப் புரட்டினேன். ஊர் திரும்புவதற்குள் எனக்குப் புரிந்ததை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஆட்டம் இன்னதென்று இரண்டு வார்த்தை. மைதானம் 100 கெஜ நீளம். பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து கையில் இருக்கும் கட்சிக்கு நாலு சந்தர்ப்பம் உண்டு. அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நாலு. எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்விட்டால் அது ‘டச் டவுன்’; 6 புள்ளி. மேற்கொண்டு ஓர் உதையில் இன்னும் 1 கிடைக்கும். எல்லை வரை போக முடியாவிட்டாலும் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் 3 புள்ளி. அது ‘ஃபீல்ட் கோல்’. அதுவும் முடியாத தூரத்தில் நின்றுவிட்டால், நாலாவது சந்தர்ப்பத்தில் பந்தை முடிந்தமட்டும் தொலைவாக உதைத்து எதிரியிடம் ஒப்படைத்துவிட்டு வர வேண்டியதுதான்.

இதில் விசேஷம் என்னவென்றால், தாக்குகிற பதினொரு பேர் வேறு, தடுக்கிற பதினொரு பேர் வேறு. ஒரு கோஷ்டி மைதானத்தில் இருக்கும்போது மற்றக் கோஷ்டி பெஞ்சியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். ஒரே சட்டை, ஒரே கொடி. ஆனால் ஒருவர் வேலையை மற்றவர் செய்வதில்லை.

ஆதியில் இப்படி இருக்கவில்லை. தாக்கியவனேதான் தடுக்கவும் வேண்டும். ஆட்டம் முடிகிற வரையில் அதே பதினொரு பேர் உருண்டு புரள்வார்கள். இரண்டாவது மகா யுத்தம் வந்தது. இளைஞர்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சம் ஏற்பட்டது. இருக்கிறவர்களை வைத்து ஒப்பேற்றுவதற்காக, எப்போது வேண்டுமானாலும் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். 1945-ல் மிச்சிகன் சர்வகலாசாலையின் பயிற்சியாளர் ஃப்ரிட்ஸ் கிரிஸ்லர் இதில் ஒரு யுக்தி கண்டார். பலசாலியான ராணுவக் கல்லூரி அணியோடு மோத வேண்டியிருந்தது. தம் பையன்களைத் தாக்க ஒரு கூட்டம், தடுக்க ஒரு கூட்டம் என்று பிரித்து மாற்றி மாற்றி இறக்கினார். அன்று மிச்சிகன் 28-7 என்று தோற்றதென்னவோ உண்மைதான். ஆனால் பார்த்தவர்கள் மனத்தில் தோல்வியைவிட யுக்திதான் நின்றது. சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் தேசிய லீக், 1943-ல் இந்தச் சுதந்திரத்தைக் கொடுத்து, 1946-ல் பிடுங்கிக்கொண்டு, 1950-ல் நிரந்தரமாகவே கொடுத்துவிட்டது. அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1960-ல் பிலடெல்பியா அணி சாம்பியன் பட்டம் வாங்கியபோது, சக் பெட்னாரிக் என்பவர் இரண்டு பக்கமும் ஆடினார். அந்தப் பழைய வர்க்கத்தில் கடைசி மனிதர் என்று அவருக்குப் பெயர்.

கூட்டுக் குடும்பம் பாகம் பிரித்துக்கொண்ட மாதிரி ஆயிற்று. பாகம் பிரிந்தால் பழியும் பிரியுமல்லவா? “தாக்குகிறவர்கள் மோசம்”, “தடுக்கிறவர்கள் மோசம்” என்று தனித்தனியாகச் சொல்ல அப்போதுதான் வழி பிறந்தது. ஆனால் பிரிந்தது ஆட்கள்தான். பலகையில் எழுதும் எண் ஒன்றாகவே இருந்தது. இருவர் வரவு செலவையும் ஒரே பேரேட்டில் எழுதிவிட்டு, நஷ்டம் யாரால் என்று கேட்டால் எப்படி?

தாக்குகிற கோஷ்டி தடுமாறும்போது தடுக்கிற கோஷ்டிக்கு என்னென்ன கஷ்டம் என்று பாருங்கள். தாக்குகிறவன் தன் எல்லைக்கு அருகிலேயே பந்தைப் பறிகொடுத்தால், எதிரிக்குப் போக வேண்டிய தூரம் 20 கெஜம்தான். சும்மா நின்றாலே 3 புள்ளி. அந்த 3 புள்ளி தடுக்கிறவன் தலையில் எழுதப்படுகிறது. தாக்குகிறவன் மூன்று முயற்சியில் தோற்று உதைத்துவிட்டு வந்தால், பெஞ்சியில் உட்கார்ந்தவன் மூச்சு வாங்குவதற்குள் மறுபடி எழுந்து போக வேண்டும். பெரிய ஆகிருதி உள்ளவர்கள். கடைசிப் பத்து நிமிஷத்தில் கால் பின்னும். முறையும் அதிகமாகிறது: மற்ற அணி எதிரியைப் பத்துத் தடவை தடுத்தால் போதுமென்றால், இவர்கள் பதின்மூன்று, பதினாலு தடவை தடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட அநியாயம் ஒன்று உண்டு. தாக்குகிறவன் வீசிய பந்தை எதிரி நடுவில் பிடித்து நேரே எல்லைக்கு ஓடிவிட்டால், அந்தப் புள்ளியும் ‘அணி விட்டுக்கொடுத்தது’ என்றே பதிவாகும். தடுக்கிறவர்கள் அப்போது மைதானத்திலேயே இல்லை!

கிழவரின் கேள்விக்கு அர்த்தம் இதுதான். எத்தனை புள்ளி கொடுத்தான் என்று கேட்பதற்கு முன்னால், எந்த இடத்தில் நிற்க வைத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

இந்த இடத்துக்கு ஒரு விலை உண்டு என்று முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் ஓர் ஆட்டக்காரரும் இருந்தார் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. வர்ஜில் கார்ட்டர், சின்சினாட்டி அணியில் பந்து வீசிய ‘குவார்ட்டர்பேக்’. ஆடிக்கொண்டே நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையில் படித்தவர். அங்கே ராபர்ட் மகோல் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, 1969-ம் வருஷத்து ஆட்டங்களை ஆராய்ந்து, 1971-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மைதானத்தில் எந்த இடத்தில் பந்து கையில் இருந்தால் சராசரியாக எத்தனை புள்ளி பெறும் என்பது விஷயம். எதிரியின் எல்லைக்கு அருகே பந்து இருந்தால் அதன் மதிப்பு ஏறக்குறைய 6 புள்ளி. தன் எல்லைக்கு ஒட்டினாற்போல் இருந்தால் மதிப்புப் பூஜ்யத்துக்கும் கீழே! அதாவது, பந்து நம் கையில் இருந்தும், அடுத்த புள்ளியை எதிரி பெறுவதற்கே வாய்ப்பு அதிகம். கையில் பணம் இருந்தும் கடன்காரனாக இருப்பது எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு அணிகளைப் பார்க்கலாம்.

முதல் அணி, 1977-ம் வருஷத்து அட்லாண்டா ஃபால்கன்ஸ். தென் பிரதேசத்து ஊர். அங்கே மக்காச்சோளக் குருணையில் காய்ச்சும் கஞ்சிக்கு ‘கிரிட்ஸ்’ என்று பெயர். ஏழையும் பணக்காரனும் காலையில் சாப்பிடுவது. தடுக்கிறவர்கள் கும்பலாகப் பாய்ந்து குவார்ட்டர்பேக்கை அமுக்குவதற்கு ‘பிளிட்ஸ்’ என்று பெயர். இரண்டையும் சேர்த்து அந்தத் தடுப்புக் கோஷ்டிக்குக் ‘கிரிட்ஸ் பிளிட்ஸ்’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். லீமன் பென்னட் என்பவர் புதிதாகத் தலைமைப் பயிற்சியாளராக வந்த வருஷம் அது.

14 ஆட்டங்களில் அவர்கள் கொடுத்தது மொத்தம் 129 புள்ளி. ஆட்டத்துக்குச் சராசரி 9.2. லீக் வருஷத்துக்கு 14 ஆட்டம் ஆடிய காலம் முழுவதிலும் இதைவிடக் குறைவாகக் கொடுத்தவர்கள் இல்லை. அப்படியானால் அவர்கள் பட்டம் வென்றிருக்க வேண்டுமே? இல்லை. 7 வெற்றி, 7 தோல்வி. பட்டப் பந்தயத்தின் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை.

காரணம் வெளிப்படை. குவார்ட்டர்பேக் ஸ்டீவ் பார்ட்கோவ்ஸ்கிக்கு முழங்காலில் அடி. வருஷத்தின் முற்பாதி பெரும்பாலும் அவர் இல்லை. தாக்கும் கோஷ்டி 14 ஆட்டங்களிலும் சேர்த்துப் பெற்றது 179 புள்ளி. தோற்ற ஏழு ஆட்டங்களின் கணக்கைப் படித்தால் வயிற்றைப் பிசைகிறது. 10-6, 14-7, 10-3, 21-20, 16-10, 23-7. இன்னும் ஒன்று: பஃபலோ அணியிடம் 3-0. அன்று முழுவதும் தடுக்கிறவர்கள் கொடுத்தது ஒரே ஓர் உதை, 3 புள்ளி. அதற்குமேல் அவர்களால் என்ன செய்ய முடியும்? சட்டையைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கமும் போய் ஆட வேண்டியதுதான். 1950-க்கு முந்திய ஆட்டமாக இருந்தால் அதையாவது செய்திருப்பார்கள்.

இதைவிட வேடிக்கை மறு வருஷம் நடந்தது. 1978-ல் ஆட்டங்கள் 16 ஆயின. அதே அட்லாண்டா 290 புள்ளி கொடுத்தது, பெற்றது 240-தான். ஆனால் 9 வெற்றி, 7 தோல்வி. அந்த அணியின் சரித்திரத்தில் முதல் தடவையாகப் பட்டப் பந்தயத்துக்குள் நுழைந்தது. 129 கொடுத்த வருஷம் வெளியே நின்றவர்கள், 290 கொடுத்த வருஷம் உள்ளே போனார்கள்! ஊர் எந்த வருஷத்தைக் கொண்டாடியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1977 எல்லோருக்குமே வறட்சியான வருஷம். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் பெற்ற சராசரி 17.2 புள்ளிதான். பார்க்கிறவர்களுக்குச் சலித்துப் போய்விட்டது என்று கண்டுதான், 1978-ல் பந்தைப் பிடிக்க ஓடுகிறவனைத் தடுப்பவன் தொடக் கூடாது என்பது போன்ற விதிகளைக் கொண்டுவந்தார்கள். ஆகையால் 9.2 என்ற எண்ணை அந்த 17.2-க்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பஞ்ச காலத்தில் சிக்கனமாக இருந்தான் என்பதற்கும், செழிப்பான காலத்தில் சிக்கனமாக இருந்தான் என்பதற்கும் வித்தியாசம் உண்டு. அப்படிக் கழித்துப் பார்த்தாலும் ஃபால்கன்ஸ் ஊரைவிட ஆட்டத்துக்கு 8 புள்ளி குறைவாகவே கொடுத்தார்கள். அந்தக் கோஷ்டியில் இருந்த கிளாட் ஹம்ஃப்ரி என்ற வீரரைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தது 2014-ல். முப்பத்தேழு வருஷம் கழித்து!

இரண்டாவது அணி, என் மருமகனின் ஊர் அணியே. 2000-ம் வருஷத்து பால்டிமோர் ரேவன்ஸ். கிழவர் இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும்.

பயிற்சியாளர் பிரையன் பில்லிக். தாக்கும் கலையில் நிபுணர் என்று பெயர் வாங்கியவர். 1998-ல் மினசோட்டா அணியின் தாக்குதலுக்கு அவர் பொறுப்பாளராக இருந்தபோது அது 556 புள்ளி பெற்று, அதுவரை யாரும் செய்யாத சாதனை செய்தது. அப்பேர்ப்பட்டவருடைய அணி 2000 அக்டோபர் மாதம் முழுவதும், ஐந்து ஆட்டங்களில், ஒரு டச் டவுன்கூடப் போடவில்லை! சங்கீத வித்வான் வீட்டில் ஒரு மாதம் சுருதிப்பெட்டி பேசாமல் இருந்த மாதிரி.

அந்த ஐந்து ஆட்டங்களையும் வரிசையாகச் சொல்கிறேன். கிளீவ்லாண்டோடு 12-0, வெற்றி. ஜாக்சன்வில்லோடு 15-10, வெற்றி. வாஷிங்டனோடு 3-10, தோல்வி. டென்னஸியோடு 6-14, தோல்வி. பிட்ஸ்பர்க்கோடு 6-9, தோல்வி. பெற்ற புள்ளியெல்லாம் மாட் ஸ்டோவர் என்ற ஒருவரின் காலிலிருந்து வந்தவை. 14 உதை, 42 புள்ளி. எதிரிகள் ஐவரும் சேர்ந்து பெற்றது 43. ஐந்து வாரம், ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். சும்மா கூட்டிப் பார்த்த எனக்கே கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

பலகையை மட்டும் பார்க்கிறவன் என்ன சொல்வான்? மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்ற அணி என்பான். ஆனால் அந்த ஐந்து ஆட்டங்களில் தடுக்கிறவர்கள் கொடுத்தது ஆட்டத்துக்கு 8.6. அந்த வருஷத்தின் மற்றப் பதினொரு ஆட்டங்களில் அவர்கள் கொடுத்தது ஆட்டத்துக்கு 11. தாக்கும் கோஷ்டி படுத்துவிட்ட வாரங்களில்தான் இவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள்!

நான் உற்சாகமாக இதைச் சொன்னபோது கிழவர் சிரித்தார். “அவசரப்படாதே” என்றார். எதிரி 10-3 என்று முன்னால் இருக்கிறான். எதிரே இருப்பவனுக்கு டச் டவுன் போடச் சக்தி இல்லையென்று அவனுக்குத் தெரியும். அவன் எதற்காகத் துணிந்து ஆட வேண்டும்? மூன்று தடவை பத்திரமாக ஓடிவிட்டு, உதைத்துவிட்டுப் போய் உட்காருவான். ஆகையால் தடுமாறும் தாக்குதல் தடுப்பைக் கெடுக்கவும் செய்யும். சில சமயம் அதற்கு வேண்டாத மெருகும் கொடுக்கும். மற்றப் பதினொரு ஆட்டங்களில் பால்டிமோர் பெரும்பாலும் முன்னால் இருந்தது. எதிரிகள் உயிரைக் கொடுத்து வீசினார்கள். சில புள்ளி கூடத்தான் கிடைக்கும். இரண்டையும் பார்ப்பவன்தான் நீதிபதி; ஒன்றை மட்டும் பார்ப்பவன் வக்கீல். கிழவர் சொன்னதை நான் என் பாஷையில் இப்படி எழுதிக்கொண்டேன்.

ஓடிய தூரத்தை வைத்து அளக்கலாமே என்று கேட்டேன். அதிலும் பள்ளம் இருக்கிறது. அந்த வருஷம் குறைந்த கெஜம் கொடுத்த அணி டென்னஸிதான், பால்டிமோர் இரண்டாவது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் நியூயார்க் ஜெட்ஸ் அணி பால்டிமோருக்கு எதிராக 500 கெஜத்துக்கு மேல் முன்னேறியது. என்ன பிரயோஜனம்? பெற்றது 20 புள்ளி, தோற்றது 34-20. வழியெல்லாம் பந்தைப் பறிகொடுத்துக்கொண்டே வந்தார்கள். கிரிஸ் மக்காலிஸ்டர் என்ற தடுப்பாளர் அதில் ஒரு பந்தைப் பிடித்து 98 கெஜம் ஓடி எல்லையில் வைத்தார். தெருவில் எத்தனை தூரம் நடந்தான் என்பதைவிட வீட்டுக்குள் நுழைந்தானா என்பதுதான் திருட்டு விசாரணையில் முக்கியம்.

ஆகவே கெஜம், புள்ளி, எத்தனை முறை தடுத்தார்கள், ஒவ்வொரு முறையும் எங்கே ஆரம்பித்தார்கள், எத்தனை தடவை பந்தைப் பிடுங்கித் தந்தார்கள், ஊரின் சராசரி என்ன, எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஓரளவு உண்மை தெரியும்.

அக்டோபரின் கடைசி ஆட்டத்துக்கு டோனி பேங்ஸுக்குப் பதிலாக டிரெண்ட் டில்ஃபர் குவார்ட்டர்பேக்காக வந்தார். அவரும் முதல் ஆட்டத்தில் தோற்றார். ஆனால் நவம்பர் 5-ம் தேதி சின்சினாட்டியில் 27-7. வறட்சி தீர்ந்தது. அதன்பின் அந்த வருஷம் அவர்கள் தோற்கவேயில்லை. தாக்கும் கோஷ்டி திடீரென்று பிரமாதமாகிவிட்டதா? அப்படியில்லை. தன் வேலை இன்னதென்று அது புரிந்துகொண்டது. ஜமால் லூயிஸ் என்ற புது இளைஞரிடம் பந்தைக் கொடுத்து ஓடச் சொன்னார்கள். அவர் அந்த வருஷம் 1,364 கெஜம் ஓடினார். நேரம் கழிந்தது, தடுக்கிறவர்களுக்கு ஓய்வு கிடைத்தது. பந்தைக் கண்ட இடத்தில் போடாமல் இருந்தார்கள். வருஷம் முழுவதும் தடுக்கிறவர்களும் மற்றவர்களும் எதிரிகளிடமிருந்து 49 தடவை பந்தைப் பறித்தார்கள்; தாங்கள் பறிகொடுத்தது 26. சம்பாதிக்கத் தெரியாவிட்டாலும், இருக்கிறதை விரயம் பண்ணாமல் இருந்தாலே வீட்டுக்குப் பாதி உபகாரம்.

மொத்தம் 16 ஆட்டங்களில் அவர்கள் கொடுத்தது 165 புள்ளி. 16 ஆட்ட வருஷங்களில் அதுவே சாதனை. நாலு ஆட்டங்களில் எதிரிக்கு ஒரு புள்ளியும் இல்லை. பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு வருஷம் முழுவதும் கொடுத்தது 970 கெஜம், அதுவும் சாதனை. பிறகு பட்டப் பந்தயத்தில் டென்வருக்கு 3, டென்னஸிக்கு 10, ஓக்லாந்துக்கு 3. கடைசியாக 2001 ஜனவரி 28-ம் தேதி டாம்பா நகரில் சூப்பர் பவுல். நியூயார்க் ஜயண்ட்ஸை 34-7 என்று அடித்தார்கள். அந்த 7 புள்ளியும் ஆட்டத்தைத் தொடர உதைத்த பந்தை ஜயண்ட்ஸ் வீரர் ஒருவர் பிடித்து ஓடியதில் வந்தது. தடுக்கும் கோஷ்டி அப்போது பெஞ்சியில் இருந்தது. ஆனாலும் பலகையில் 7 என்றுதான் எழுதினார்கள். அன்றைய சிறந்த வீரர் என்ற பரிசு, தடுக்கும் கோஷ்டியின் ரே லூயிஸுக்குப் போயிற்று.

அட்லாண்டாவும் பால்டிமோரும் தடுத்ததில் அப்படியொன்றும் பெரிய பேதமில்லை. ஆட்டத்துக்கு 9.2, ஆட்டத்துக்கு 10.3. ஒன்றைச் சரித்திரம் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறது. மற்றது கணக்குப் புத்தகத்தின் ஒரு மூலையில் கிடக்கிறது. பால்டிமோரின் அக்டோபர் மாதம் டிசம்பர் வரையில் நீடித்திருந்தால், ரே லூயிஸும் அவர் தோழர்களும் அதே மூலைக்குத்தான் போயிருப்பார்கள். அவர்கள் தடுத்தது ஓர் அங்குலமும் குறைந்திராது.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எங்கள் அப்பா ஊரில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருந்தார். நான் பள்ளிக்கூடம் முடிக்கிற சமயம் கடை நொடித்துப் போயிற்று. பிறகு சில வருஷம் அவர் கொண்டுவந்தது ஒரு வாரம் இருக்கும், மூன்று வாரம் இராது. வீட்டில் ஏழு பேர். காலையில் கஞ்சி, ராத்திரி ரசமும் சுட்ட அப்பளமும். நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தேன். அதற்குமேல் பணம் கட்ட முடியவில்லை. அந்த ஆத்திரத்தில் ஒரு நாள் தட்டை நகர்த்திவிட்டு அம்மாவிடம், “உனக்குக் குடித்தனம் பண்ணவே தெரியலை” என்று சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா அவள் கையில் எவ்வளவு கொடுத்தார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வளையல் எப்போது போயிற்று, பித்தளை அண்டா எப்போது போயிற்று, எந்த மாதம் எதைக் காட்டிப் பால்காரனைச் சமாளித்தாள் என்று பார்த்ததில்லை. தட்டில் விழுந்ததைத்தான் எண்ணினேன். ஏழு பேரில் ஒருவர்கூட ஒரு ராத்திரி பட்டினி படுக்கவில்லை என்பது எனக்குக் கணக்கில் வரவில்லை. 3-0 என்று தோற்ற அணியைப் பார்த்துத் தடுக்கத் தெரியவில்லை என்று சொன்னவன் நான்தான்.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு வயது எழுபத்திரண்டு. கால்பந்து, அட்லாண்டா, சோளக்கஞ்சி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அன்று நான் பேசியது தப்பு என்று சொன்னேன். பெரிய பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது எனக்கு. அவளுக்கு அப்படி இல்லை போலிருக்கிறது.

“என்னைப் பத்தி நல்லதா எழுதப் போறே, சரி” என்றாள். “உங்கப்பா மட்டும் வேணும்னா கடையை மூடினார்? கடனுக்குத் துணி வாங்கிண்டு போனவா ஒருத்தரும் திருப்பித் தரலை. கல்யாணத்துக்குன்னு வாங்கினவாகிட்டே போய் எப்படிடா கேப்பார்? நீ எழுதறதா இருந்தா அதையும் சேர்த்து எழுது.”

எழுதிவிட்டேன்.